எங்கே உண்பது?

முன்னிரவு நேரம். இராசபாளையம் புகைவண்டி நிலையத்தில், சென்னை செல்லும் பொதிகை விரைவு வண்டிக்காகக் காத்து நின்றோம். சென்னைக் கல்லூரிச் சாலையில் உள்ள கல்வித்துறை வளாகத்தில் ஆசிரியர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி. போவதற்கு ஓர் இரவு, வருவதற்கு ஓர் இரவு, இடையே இரண்டு பகல். அவ்வளவுதான் பயணம்.

நம்மிடம் படித்த மாணவன் ஒருவனும் அதே வண்டிக்கு வந்திருந்தான். புதிதாக வேலை கிடைத்திருக்கிறது. அவனுடைய அலுவலகமும் இரண்டு நாள் பணிக்காக அவனைச் சென்னைக்கு அழைத்திருக்கிறது. வழியனுப்ப வந்திருந்தார் தந்தை. பஞ்சாலையில் உழைத்து ஓய்ந்தவர். அவர் கையில் ஒரு பெரிய மூட்டை. புளிச்சோறு ஒரு பொட்டலம். மிளகாய்ப் பொடி தடவிய இட்லி ஒரு பொட்டலம். அவல், முறுக்கு, ஒரு பெட்டி திருவில்லிபுத்தூர்ப் பால்கோவா. இரண்டு நாளைக்கும் போதும்.

"எதற்கு இவ்வளவு சுமை? சென்னையில் தடுக்கி விழுந்தால் ஓட்டல்தானே!" என்றோம் சிரித்துக்கொண்டே.

அவர் சிரிக்கவில்லை. "கடை இருக்கும் வாத்தியாரய்யா. உள்ளே விடணுமே" என்றார்.

"அப்பா, அந்தக் காலமெல்லாம் போச்சுப்பா" என்றான் மகன், தலையைக் குனிந்துகொண்டு.

வண்டி வந்தது, ஏறினோம். ஆனால் அந்த ஒரு சொல் நம்முடன் எழும்பூர் வரை வந்தது. செலவுக்கு அஞ்சிக் கட்டிய சோறு என்று நாம் எண்ணினோம். அன்று; அது வாசலுக்கு அஞ்சிக் கட்டிய சோறு! வரலாறு படித்துப் பட்டம் பெற்ற நாம், வரலாற்றையே மூட்டையாகக் கட்டிக் கையில் ஏந்தி நின்ற ஒருவரைப் பார்த்துச் சிரித்தோம். அந்தச் சிரிப்புக்குக் கழுவாயாக எழுதப்படுவதே இக்கட்டுரை.

வெளியூர் சென்றவன் எங்கே உண்பது? கேட்பதற்கு எளிய கேள்வி. இன்று நாம் கேட்கும்போது அதில் இரண்டே கூறுகள்: பை எவ்வளவு தாங்கும்? நாக்கு எதை விரும்பும்? நூறாண்டுக்கு முன் அக்கேள்வியில் மூன்றாவது கூறு ஒன்று இருந்தது. அதுவே முதலாவதாகவும் நின்றது. நீ யார் வயிற்றில் பிறந்தாய்? இதற்கு விடை சொன்ன பிறகுதான் உன் வயிற்றுக்கு விடை கிடைக்கும்!

தமிழ் இலக்கியம் இதற்கு வேறொரு விடையை எழுதி வைத்ததுண்டு. மணிமேகலையின் கைக்கு வந்த அமுதசுரபியை முதலில் ஏந்தியவன் ஆபுத்திரன். வேள்விப் பசுவைக் காக்க முனைந்ததற்காக விரட்டப்பட்டவன். பிறப்பைச் சொல்லி இகழப்பட்டவன். வந்து சேர்ந்த மதுரையில் அப்பாத்திரத்தைப் பெற்றுப் பசித்தவர்க்கெல்லாம் ஊட்டியவன். அவனுக்குப் பின் அதனை ஏந்திய மணிமேகலை, புகார் நகரத்தின் உலக அறவியில், எவர் வரினும் உணவளித்தாள். சிறைக்கோட்டத்தையே அறக்கோட்டமாக மாற்றச் செய்தாள். பசி ஒன்றே தகுதி. வேறு சான்று எவரும் காட்ட வேண்டியதில்லை.

காப்பியம் கண்ட கனவு அது. நாட்டு நடைமுறை அவ்வாறு அமையவில்லை.

வழிச்செல்வோர்க்கு மன்னர்கள் சத்திரங்கள் கட்டினர். மதுரையில், இன்றைய புகைவண்டி நிலையத்துக்கு எதிரே, 1689 முதல் 1706 வரை ஆட்சி நடத்திய இராணி மங்கம்மாளின் பெயரால் சத்திரம் உள்ளது. தஞ்சை மராட்டிய மன்னர்கள் இராமேசுவரம் செல்லும் நெடுவழியில் வரிசையாகச் சத்திரங்கள் அமைத்தனர். அங்கே பிராமணர் முதல் பறையர் வரை வழிப்போக்கர் அனைவருக்கும் சோறு இடப்படுவதாக, இரண்டாம் சரபோசி மன்னர் 1801 ஆம் ஆண்டில் ஆங்கிலேயப் பிரதிநிதிக்கு எழுதினார். பாராட்டத்தக்க கொடை, மறுப்பார் யார்? ஆனால் அதே மடலில் இன்னொரு செய்தியும் உண்டு. சமைத்த சோற்றை ஏற்க விரும்பாதோர்க்கு அரிசியும் பண்டங்களும் தனியே அளக்கப்பட்டன. எல்லாரும் உண்டனர் என்பது உண்மை. எல்லாரும் ஒன்றாய் உண்டனர் என்பது அதன் பொருளன்று.

அரசனின் சத்திரத்தை நம்பியிராமல், தமக்கென்று ஓர் இடம் தேடிக்கொண்டவர்களும் இருந்தனர். அவ்வரலாறு நம் மாவட்டத்து மண்ணிலேயே நடந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில், நெல்லைச் சீமையின் தென்பகுதியிலிருந்து வண்டிகளில் பண்டம் ஏற்றிக்கொண்டு வடக்கே வந்தனர் நாடார் குல வணிகர்கள். வழியில் கள்வர் அச்சம். ஊருக்குள் சென்றாலோ சாதி ஏளனம். அவர்கள் என் செய்தனர்? சிவகாசி, விருதுபட்டி, அருப்புக்கோட்டை, திருமங்கலம் போன்ற ஊர்களில் மதில் சூழ்ந்த பேட்டைகளை அமைத்தனர். வண்டி அவிழ்க்கவும், சரக்கை வைக்கவும், சமைத்து உண்டு உறங்கவும் ஓரிடம்! வணிகத்தில் ஒரு சிறு பங்கை மகமையாகச் செலுத்தினர். அந்த மகமைப் பணமே பின்னர்ப் பள்ளிகளாகவும் வளர்ந்தது. விருதுநகர் சத்திரிய வித்தியாசாலை 1889 ஆம் ஆண்டில் எழுந்தது அவ்வாறே.

இகழ்ந்தவர் வாசலில் ஏங்கி நிற்காமல், தம் கையால் தமக்கு வாசல் அமைத்துக்கொண்ட தன்மானம் அது. போற்றுகிறோம். எனினும் ஒன்றை மறக்கக் கூடாது. பேட்டையும் மதில்தான். ஒரு சாதியின் மதிலுக்கு இன்னொரு சாதியின் மதில் விடையாயிற்று. மதில் கட்ட மகமை இல்லாதவன், வழக்கம்போல, கட்டுச்சோற்றுடன் மரத்தடியில் அமர்ந்தான்.

பின்னர் வந்தது புகைவண்டி. 1856 ஜூலை முதல் நாள், இராயபுரத்திலிருந்து வாலாசா சாலைக்கு முதல் வண்டி ஓடிற்று. நம் இராசபாளையத்துக்கும் திருவில்லிபுத்தூருக்கும் அது வந்து சேர 1927 ஆம் ஆண்டாயிற்று. விருதுநகர்–தென்காசிப் பாதை அப்போதுதான் திறக்கப்பட்டது. இரும்புக் குதிரை சாதியை மிதித்து அழித்துவிடும் என்று நம்பியோர் பலர். ஓரளவு நடந்தது. ஒரே பெட்டியில், ஒரே பலகையில், தோளோடு தோள் உரச அனைவரும் அமர்ந்தனர். சீட்டு வாங்கியவனிடம் வண்டி குலம் கேட்கவில்லை.

ஆனால் வண்டி நின்றதும், இறங்கி உண்ணப் போனதும், குலம் கேட்கப்பட்டது! நிலையத்துச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணர்க்கு ஓரிடம். 'இதராள்' என்று பலகை மாட்டிய மற்றோரிடம். இதராள் என்றால் யார்? நாட்டின் மிகப் பெரும்பான்மை மக்கள்! உழுதவன், நெய்தவன், தண்டவாளம் பதித்தவன், எல்லாரும் 'மற்றவர்'. பல நூறு கல் தொலைவு சேர்ந்தே அமர்ந்து வந்த இருவர், ஒரு குவளைக் காப்பிக்காகப் பிரிந்தனர். குடித்து முடித்ததும் அதே பலகையில் மீண்டும் சேர்ந்து அமர்ந்தனர். இதனைவிட நகைப்புக்குரிய காட்சி வேறுண்டோ?

நகரத்துக்குள் நிலைமை எப்படி? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னைக்குப் படிக்கவும் வேலை தேடவும் வந்த வெளியூர் இளைஞனை எண்ணிப் பாருங்கள். கையில் பணம் இருக்கிறது. நகரில் உணவு விடுதியும் இருக்கிறது. ஆயினும் பிராமணர் நடத்திய விடுதிகளில் மற்றவர்க்கு உடனமர்ந்து உண்ண இடமில்லை. ஆதிதிராவிடர்க்கோ பெரும்பாலான வாசல்களில் நிற்கவே இடமில்லை. கல்லூரியில் இடம் கிடைத்தும், சோற்றுக்கு இடம் கிடைக்காத காரணத்தால் அல்லலுற்றோர் எத்துணையோ பேர்!

இந்த அல்லலைக் கண்டு நெஞ்சம் கொதித்தவர் மருத்துவர் நடேசனார். சென்னைத் திராவிடர் சங்கத்தின் உயிர்நாடியாக விளங்கிய அவர், 1916 ஆம் ஆண்டில் திருவல்லிக்கேணியில் 'திராவிடர் இல்லம்' என்னும் மாணவர் விடுதியைத் திறந்தார். வெளி மாவட்டங்களிலிருந்து வந்த பிராமணரல்லாத மாணவர்கள் அங்கே தங்கினர், உண்டனர், படித்தனர். பின்னாளில் இந்தியாவின் முதல் நிதியமைச்சரான ஆர். கே. சண்முகம், அந்த இல்லத்தில் தங்கிப் படித்தவர். அதே 1916 ஆம் ஆண்டு நவம்பரில்தான் தென்னிந்திய நல உரிமைச் சங்கம், அதாவது மக்கள் வழங்கிய பெயரில் நீதிக்கட்சி, தோன்றியது. ஒரு பெரும் அரசியல் இயக்கத்தின் முன்னுரையில் ஓர் உணவுக்கூடம் இருந்தது என்பதை நம் வரலாற்றாசிரியர்கள் இன்னும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். பதவிக்காகப் பிறந்த இயக்கம் என்று ஏளனம் செய்தோர் உண்டு. அவர்கள் அந்த இல்லத்துச் சமையற்கட்டை எட்டிப் பார்க்கவில்லை.

ஒன்பது ஆண்டு கழித்து, சோற்றுப் பந்தி மீண்டும் அரசியலாயிற்று. நெல்லை மாவட்டத்துச் சேரன்மாதேவியில், வ. வே. சு. ஐயர் நடத்திய குருகுலத்தில், பிராமணச் சிறுவர்க்குத் தனியே உணவு அளிக்கப்பட்டது. தேசத் தொண்டர்களை உருவாக்கப் பொதுப் பணத்தில் எழுந்த நிலையத்திலேயே இத்தனிப்பந்தி! வரதராசுலு நாயுடுவும் பெரியாரும் எதிர்த்து எழுந்தனர். 1925 ஆம் ஆண்டில் தமிழகமே இரு கூறாகி வாதிட்டது. 'இரண்டொரு சிறுவர்கள் தனியே உண்டால் என்ன?' என்று கேட்டனர் சிலர். என்னவா? பள்ளிப் பந்தியில் பிரித்து அமர்த்தப்பட்ட சிறுவன், வளர்ந்த பின் எந்த அவையில் சமமாய் அமர்வான்? ஆசிரியத் தொழிலில் இருக்கும் நமக்கு அக்கேள்வி இன்றும் சுடுகிறது.

1930களில் இக்கேள்விக்கு உழைப்பாலும் ஒரு விடை எழுந்தது. இராசபாளையத்திலிருந்து மதுரை செல்லும் சாலையில் திருமங்கலம்; அதன் வட்டாரத்தில் வானம் பார்த்த பூமியான வடக்கம்பட்டி. அவ்வூர் மக்கள் தம் ஊர்த் தெய்வத்தின் பெயரால் 'முனியாண்டி விலாசு' என்னும் புலால் உணவு விடுதிகளைத் தொடங்கினர். காரைக்குடியில் தொடங்கிய அத்தொழில் தமிழகம் முழுதும் பரவியது. இன்றும் தை, மாசி மாதங்களில் விடுதி நடத்துவோர் ஊர் திரும்பி, வந்தவர்க்கெல்லாம் பிரியாணி வழங்குகின்றனர். தெய்வ நம்பிக்கை நமக்கில்லாமற் போகலாம். ஆனால் மழை பொய்த்த சிற்றூர் ஒன்று, வழிச்செல்வோர்க்குச் சோறிட்டுத் தானும் வாழ்ந்த கதையில் நமக்குப் பெருமை உண்டு.

ஏறத்தாழ அதே காலத்தில், கடல் கடந்த அமெரிக்க நாட்டிலும் இக்கேள்வி எழுதப்பட்டிருந்தது. நிறத்தால் ஒதுக்கப்பட்ட கறுப்பின மக்கள் வெளியூர் சென்றால் எங்கே உண்பது, எங்கே உறங்குவது? விக்டர் கிரீன் என்னும் அஞ்சல் ஊழியர், தம் மக்களை ஏற்கும் விடுதிகளின் முகவரிகளைத் திரட்டி, 1936 ஆம் ஆண்டில் நியூயார்க்கில் ஒரு கையேடு வெளியிட்டார். முப்பது ஆண்டுக் காலம் அது வெளிவந்தது. 1960 பிப்ரவரி முதல் நாள், கிரீன்சுபரோ நகரத்தில் நான்கு மாணவர்கள், வெள்ளையர்க்கு மட்டும் உணவு தந்த மேசையில் அமர்ந்து எழ மறுத்தனர். 1964 ஆம் ஆண்டுச் சட்டம் அந்த வாசல்களைத் திறந்தது. கையேட்டுக்குத் தேவையும் ஒழிந்தது. அங்கே நிறம், இங்கே பிறப்பு. நோய் ஒன்றே. அவர்கள் கையேடு அச்சிட்டனர். நம் நாட்டுத் தந்தையோ அதனை அச்சிடாமலே மகன் காதில் ஓதினார்.

இங்கேயும் வாசல்கள் தாமே திறக்கவில்லை, திறக்கப்பட்டன. புகைவண்டி நிலையங்களில் நிலவிய 'பிராமணர்', 'இதராள்' வேற்றுமையை எதிர்த்துப் பெரியார் தலைமையில் கிளர்ச்சி எழுந்தது. 1941 ஆம் ஆண்டில் அது ஒழிந்தது. 1950 ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம், அண்ணல் அம்பேத்கர் தலைமையில் வரைவு பெற்ற சட்டம், 15 ஆவது பிரிவில் கடைகளையும் உணவு விடுதிகளையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, எவரையும் சாதியின் பேரால் தடுக்கலாகாது என்று விதித்தது. 17 ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955 ஆம் ஆண்டுச் சட்டம் அதற்குத் தண்டனையும் வகுத்தது. ஒரு நாட்டின் தலையாய சட்டத்தில் சோற்றுக் கடையைக் குறிக்க வேண்டியிருந்தது என்றால், அந்தக் கடை வாசலில் எத்துணைக் கண்ணீர் சிந்தப்பட்டிருக்க வேண்டும்!

சட்டம் வந்த பின்னும் பலகை நின்றது. 'பிராமணாள்' என்ற சொல் விடுதிகளின் நெற்றியில் மின்னியது. 1957 மே மாதம், திருவல்லிக்கேணி முரளி கபே முன் திராவிடர் கழகத் தோழர்கள் மறியல் தொடங்கினர். நாள்தோறும் வந்தனர், நாள்தோறும் சிறை புகுந்தனர், ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதாயினர். 1958 மார்ச்சில் அச்சொல் அகன்றது. ஓர் எழுத்துப் பலகைக்காகவா இத்தனை சிறை என்று கேட்டவர் அன்று உண்டு. அந்தப் பலகை வெறும் பலகையன்று. 'நீ இதராள்' என்று ஒவ்வொரு வழிப்போக்கன் நெற்றியிலும் எழுதிய எழுத்தாணி அது.

உணவின்மீது நமக்குப் பகையில்லை. உடுப்பியிலிருந்து வந்து, சமையற்கட்டில் எளிய வேலை செய்து, 1938 ஆம் ஆண்டில் இராயப்பேட்டையில் உட்லண்ட்ஸ் விடுதியைத் தொடங்கிய கிருஷ்ணராவின் உழைப்பை நாம் மதிக்கிறோம். இட்லிக்குச் சாதியில்லை, இடத்துக்கு இருந்தது. அதுவே வழக்கு. 1981 ஆம் ஆண்டில், தென்மாவட்டச் சிற்றூரிலிருந்து பிழைப்புத் தேடிச் சென்ற ஒருவர் சென்னை கே. கே. நகரில் தொடங்கிய சரவண பவனில், எல்லாரும் வரிசையில் நின்று உண்டனர். 2013 ஆம் ஆண்டில் சென்னையில் தொடங்கிய அம்மா உணவகத்தில் இட்லி ஒரு ரூபாய். சாம்பார் சோறு ஐந்து ரூபாய். எந்தத் தலைவரின் பெயர் தாங்கினால் என்ன? கையில் காசு குறைந்த வழிப்போக்கனும் நிமிர்ந்து நின்று உண்ணும் இடம் அது. நம் பையின் கேள்விக்கும் நகரம் ஒருவாறு விடை கண்டது.

இத்தனையும் அந்த இரவு வண்டியில் மாணவனிடம் சொன்னோம். மூட்டையைப் பிரித்து நமக்கும் புளிச்சோறு வைத்தான். உண்டுகொண்டே கேட்டிருந்தவன், முடிவில் மெல்லச் சொன்னான்:

"ஐயா, அப்பா சொன்னது மெட்ராஸ் ஓட்டலை இல்லை. எங்க ஊர்ப் பக்கத்து டீக்கடையை. சின்ன வயசில் அப்பாவுக்குத் தனிக் குவளை. வெளியே தொங்கும். குடித்துவிட்டு அப்பாவே கழுவி மாட்டணும். அந்தக் கடைக்காரர் பிராமணர் இல்லை, ஐயா."

கை அப்படியே நின்றது. ஆம், அந்தக் கடைக்காரரும் புகைவண்டி நிலையத்தில் 'இதராள்' என்று ஒதுக்கப்பட்டவரின் வழிவந்தவரே! மேலே இருந்தவன் ஒதுக்கியபோது கொதித்தவன், கீழே இருப்பவனை ஒதுக்கக் கை கூசவில்லை. 1941 ஆம் ஆண்டின் வெற்றியை நாம் கொண்டாடுகிறோம். அந்த வெற்றி நிலையத்திலிருந்து இறங்கி, நம் ஊர்த் தெருவழியே நடந்து, ஊர்க் கோடித் தேநீர்க் கடைக்கு வந்து சேர்ந்ததா? பல இடங்களில் வந்தது. வராத இடங்களில் இரட்டைக் குவளையின் வடிவம் மாறியது. கண்ணாடிக் குவளை ஒருவர்க்கு, எறிந்துவிடும் தாள் குவளை இன்னொருவர்க்கு. பேட்டையின் மதிலைப் பற்றி மேலே சொன்னோமே. அந்த மதில் இடம் மாறி நம் வீட்டு முற்றத்திலேயே நிற்கிறது.

பொழுது புலர்ந்தது. எழும்பூரில் இறங்கி, நிலையத்துக்கு எதிரே ஓர் உணவு விடுதிக்குள் நுழைந்தோம். மாணவன் ஒரு கணம் வாசலில் நின்றான். பின் நேரே சென்று நடு மேசையில் அமர்ந்தான். பணியாளர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எத்தனை பேர்?"

"இரண்டு பேர்" என்றோம்.

அந்தக் கேள்வி அவ்வளவு எளியதாக ஆவதற்கு எத்தனை பேர் சிறை சென்றனர் என்பதை அந்தப் பணியாளர் அறியார். அறிய வேண்டிய தேவையும் அவருக்கு இல்லாமற் போனதே அவர்கள் பெற்ற வெற்றி.

உண்டு முடித்ததும் மாணவன் தந்தையைத் தொலைபேசியில் அழைத்தான். "உள்ளே உட்கார்ந்துதான்ப்பா சாப்பிட்டேன்" என்றான். மறுமுனையில் என்ன விடை வந்தது என்று நாம் கேட்கவில்லை.

சென்னைக்குச் செல்லும் இளைஞர்களே! எங்கே உண்பது என்று நம்மைக் கேட்டால், பைக்கும் நாவுக்கும் ஏற்ற எந்த இடத்திலும் உண்ணுங்கள் என்போம். முன்வாசல் வழியே செல்லுங்கள். நடு மேசையில் அமருங்கள். அந்த இருக்கை உங்களுக்கு எவரும் இட்ட பிச்சையன்று.

ஊரில் இருப்போரே! உங்களுக்கு வேறொரு வேண்டுகோள். நாளைக் காலை, நீங்கள் வழக்கமாகச் செல்லும் தேநீர்க் கடையில் உங்கள் கையில் இருக்கும் குவளையைப் பாருங்கள். அடுத்தவர் கையில் இருப்பதையும் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இல்லையென்றால், அந்தக் குவளையை வைத்துவிட்டுக் கேளுங்கள். நம் ஊர்க் கடைக்குள் அந்தத் தந்தை தலைநிமிர்ந்து நுழையும் நாளில்தான், அவர் மகனுக்குக் கட்டித் தரும் சோற்றில் அன்பு மட்டும் இருக்கும், அச்சம் இராது.